டிரெய்லரில் ஒரு குட்டி கரண்ட் ஆபீஸ்!

திருவிழா லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? அப்படின்னா இது உங்களுக்குத்தான்.

உசிலம்பட்டியில் இறங்கி எழுமலை ரோட்டில் திரும்பினாலே போதும். பங்குனி பிறந்துட்டா ஒரு ஊர் முடிஞ்சா அடுத்த ஊர்னு பொங்கல் வரிசை கட்டும். வேப்பிலைத் தோரணம், முளைப்பாரி, குழாய் செட்டில் காலையிலேயே பாட்டு. ராத்திரி சாமி புறப்பாடு. முன்னால கொட்டு, நடுவுல சப்பரம், பின்னாலேயே டிராக்டர் டிரெய்லரில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், கலர் லைட். அந்த டிரெய்லரில் தொங்கிக்கிட்டு, "மாப்ள... அந்த லைட்டையும் போட்டு விடுறா!"ன்னு கத்துறது யாரு? சாட்சாத் நீங்கதான்! மதுரையில் பி.எஸ்சி., கோவையில் பி.இ., சென்னையில் பி.காம். படிச்சுட்டு இருக்கிற விழாக் கமிட்டி இளைஞரணி.

வெளிச்சம் வேணும், சத்தம் வேணும், ஊரே திரும்பிப் பார்க்கணும். எல்லாம் சரி. ஆனா, அந்த டிரெய்லருக்குள்ள எத்தனை ஆம்ப் ஓடுதுன்னு யாராவது ஒருத்தர் கேட்டிருக்கீங்களா? செமஸ்டரில் ஓம் விதியை எழுதி மார்க் வாங்கின நீங்களே கேட்கலைன்னா, வேற யாரு கேட்பாங்க?

வீடு வேற... டிரெய்லர் வேற!

வீட்டில் சுவிட்சைத் தட்டினா பின்னால ஒரு பெரிய படையே நிக்குது. மீட்டர், பியூஸ், தெருக் கம்பம், டிரான்ஸ்பார்மர், அதுக்குப் பின்னால துணை மின்நிலையம். நீங்க கூடுதலா ஒரு மிக்ஸி போட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது.

டிரெய்லரில் இருக்கிறது ஒரே ஒரு ஜெனரேட்டர். அதுதான் மின் நிலையம், அதுதான் டிரான்ஸ்பார்மர், எல்லாமே அதுதான். வெளிநாட்டில் வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துட்டுப் போறவங்களுக்கும், சினிமா ஷூட்டிங்கில் நிக்கிற கேரவனுக்கும், உங்க ஊர் டிராக்டர் டிரெய்லருக்கும் பிரச்னை ஒண்ணுதான். கையில் இருக்கிற கரண்ட் அளவானது, வயர் தற்காலிகமானது, சக்கரம் ரப்பர். இந்த மூணும் சேர்ந்த இடத்தில் கணக்கு தப்பினா, அடுத்த நிமிஷமே பதில் வந்துடும்.

கணக்கு நம்பர் 1: எவ்வளவு இருக்கு, எவ்வளவு எடுக்கிறோம்?

ஜெனரேட்டரின் உடம்பில் ஒரு தகடு இருக்கும். அதில் '5 கே.வி.ஏ.' என்று எழுதியிருந்தால், 5,000 வாட்ஸ் கிடைக்கும்னு சந்தோஷப்படாதீங்க. பவர் பேக்டர் 0.8 என்று வைத்தால் கிடைப்பது 4,000 வாட்ஸ். அதிலும் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆக, உங்க பட்ஜெட் 3,200 வாட்ஸ்.

இப்போ ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. 100 வாட்ஸ் எல்.இ.டி. பிளட் லைட் 6 என்றால் 600. 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் 20 என்றால் 400. சீரியல் செட்டும் அம்மன் போர்டும் சேர்த்து ஒரு 500. யாரோ கொண்டு வந்த பழைய ஹாலஜன் ஒண்ணு, 500. ஆம்பிளிபயர்கள் இழுப்பது 1,000. மொத்தம் 3,000 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 13 ஆம்ப். பாஸ் மார்க்!

அந்த நேரம் பார்த்து ஒருத்தர், "எல்லாரும் முழிச்சுக் கிடக்காங்க, ஒரு டீ போடுவோமா?"ன்னு 1,500 வாட்ஸ் கெட்டிலைச் சொருகுவார். மொத்தம் 4,500. இன்ஜின் முக்கும், லைட் மங்கும், ஸ்பீக்கரில் 'ஊம்...' என்று ஒரு இரைச்சல் கிளம்பும். ஒரு டம்ளர் டீக்கு மொத்த ஊர்வலமும் இருட்டில் நிற்கும். சூடு பண்ணும் எந்தச் சாமானும், அது கெட்டிலோ அயர்ன் பாக்ஸோ, டிரெய்லர் கரண்டுக்குப் பரம எதிரி. டீக்கு அடுப்புதான் சரி.

இன்னொரு விஷயம். மலிவான எல்.இ.டி. லைட்டுகள் அட்டையில் வாட்ஸைக் குறைவாகச் சொல்லும். ஆனால் பவர் பேக்டர் மோசமாக இருப்பதால் ஆம்பை அதிகம் இழுக்கும். அதனால் அட்டையை மட்டும் நம்பாதீங்க. வயரை வெட்டாமல், ஒரு கம்பியை மட்டும் கவ்விப் பிடித்தே ஆம்ப் சொல்லும் கிளாம்ப் மீட்டர் என்று ஒண்ணு இருக்கு. கமிட்டிக் காசில் ஒண்ணு வாங்கி வையுங்க. வருஷா வருஷம் உதவும்.

கணக்கு நம்பர் 2: யார் முதல்ல?

மோட்டார் உள்ள எதுவும் ஸ்டார்ட் ஆகும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ்தான். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் அது மாமனார் வீட்டு முதல் விருந்து மாதிரி சாப்பிடும்!

அதனால் ஒரு ஒழுங்கு உண்டு. லோடு எதுவும் இல்லாமல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணுங்க. இரண்டு மூணு நிமிஷம் சீராக ஓடட்டும். பிறகு பெரிய லோடு முதலில், சின்னது பின்னால், ஒவ்வொன்றாக. ஆம்பிளிபயர் கடைசியில். நிறுத்தும்போது நேர் எதிர். எல்லா சுவிட்சையும் ஆன்ல வச்சுட்டு இன்ஜினை இழுத்து விடுவது, பிறந்த குழந்தை தலையில் நெல் மூட்டையை வைக்கிற கதை.

மூணு பேஸ்... ஒரு நியூட்ரல்!

பெரிய திருவிழா என்றால் 15 கே.வி.ஏ. த்ரீ பேஸ் ஜெனரேட்டர் வரும். 15 இருக்கேன்னு எல்லாத்தையும் ஒரே பேஸில் மாட்டினால்? ஒரு பேஸுக்குக் கிடைப்பது 5 கே.வி.ஏ., அதாவது சுமார் 22 ஆம்ப் மட்டும்தான். ஒரு பேஸ் மூச்சுத் திணறும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். லோடை மூணு பங்காகப் பிரிக்கணும். பங்காளிகளுக்குள் வரி பிரிப்பது போலத்தான், ஒருத்தர் தலையில் மட்டும் கட்டினால் சண்டை வரும்.

அதைவிட முக்கியம் நியூட்ரல். டிரெய்லர் குழியில் இறங்கி ஏறும்போது நியூட்ரல் கம்பி மட்டும் கழன்றால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு பேஸில் இருக்கிற லோடுகள் 415 வோல்ட்டுக்கு நடுவில் வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒன்றில் 2,000 வாட்ஸ், இன்னொன்றில் 200 வாட்ஸ், மூணாவது காலி என்று வைத்துக்கொள்வோம். குறைவான லோடு இருக்கும் பக்கத்துக்கு 375 வோல்ட் வரை ஏறிவிடும். 230க்குச் செய்த பல்பும் ஆம்பிளிபயரும் பட் பட்டென்று போகும். 'ஜெனரேட்டர் சரியில்லை'ன்னு வாடகைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். உண்மையில் கழன்றது ஒரு ஸ்க்ரூ! கிளம்பும் முன் ஒரு தடவை, பாதி வழியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் நிறுத்தி இன்னொரு தடவை, அந்த முனைகளை எலெக்ட்ரீஷியன் முறுக்கிப் பார்த்தே ஆகணும்.

வயர் சும்மா வருவதில்லை

1.5 சதுர மி.மீ. தாமிர வயரில் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம் மின்தடை. ஐம்பது மீட்டர் தள்ளி லைட் என்றால், போக வர நூறு மீட்டர், 1.2 ஓம். அதில் 10 ஆம்ப் ஓடினால் வழியிலேயே 12 வோல்ட் காணாமல் போகும். எங்கே போகும்? வயரைச் சூடாக்கப் போகும். சுமார் 120 வாட்ஸ், ஒரு பெரிய குண்டு பல்பு அளவு சூடு! ஐம்பது மீட்டருக்கும் பரவிக் கிடப்பதால் உங்களுக்குத் தெரியாது. அதே வயரைச் சுருட்டி, டிரெய்லர் மூலையில் வைக்கோலுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவே போட்டு வைத்தால்? சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். சுருளில் இருக்கும் வயர் அதன் வழக்கமான கரண்டில் பாதியைக்கூட தாங்காது. அதனால் பாடம் ஒண்ணுதான். வயரை முழுக்கப் பிரிச்சு விடுங்க, தடிமனைக் கூட்டுங்க.

பிளக் டாப் இல்லாமல் இரண்டு கம்பியை சாக்கெட்டில் சொருகி தீக்குச்சி வைத்து அடைக்கும் 'டெக்னாலஜி'க்கு இன்றோடு குட்பை. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், மஞ்சத்தண்ணி ஊத்தி விளையாடுற இடத்தில் என்ன செய்யும் என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

எம்.சி.பி. விழுந்தால் கோபப்படாதீங்க

"இது சும்மா சும்மா விழுதுண்ணே, நேரா குடுத்துருவோம்!" திருவிழா ராத்திரியில் இதைவிட ஆபத்தான வசனம் கிடையாது. எம்.சி.பி. வயருக்குக் காவல்காரன். 16 ஆம்ப் எம்.சி.பி.யில் 20 ஆம்ப் ஓடினால்கூட உடனே விழாது, பல நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். அந்தப் பொறுமைசாலியே விழுகிறான் என்றால், ஒண்ணு லோடு ரொம்ப அதிகம், இல்லை எங்கேயோ ஷார்ட். அவன் ஒரு கேள்வி கேட்கிறான். பதில் சொல்லாமல் வாயைக் கட்டினால், அடுத்து பதில் சொல்லப் போவது தீ. பழைய பியூஸ் கேரியரில் தடிச்ச செம்புக் கம்பியைக் கட்டுவதும் இதே ரகம்தான்.

ஆனால் எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது. அதிர்ச்சி தருகிற விஷயம் இதுதான். ஒரு 60 வாட்ஸ் பல்பு எடுப்பது 260 மில்லி ஆம்ப். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் பாதிகூட வேண்டாம். உங்க உடம்பு வழியாக அந்தக் கரண்ட் போனால் 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, திரும்பிக்கூட பார்க்காது. அதுக்கு ஆர்.சி.சி.பி. வேணும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் 30 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டால், கண் சிமிட்டுவதற்குள் துண்டித்துவிடும். ஜெனரேட்டர் புக் பண்ணும்போது "எத்தனை கே.வி.ஏ.?" என்று கேட்ட கையோடு, "ஆர்.சி.சி.பி. இருக்காண்ணே?" என்றும் கேளுங்க.

ரப்பர் டயரும் எர்த்தும்

மைக்கில் உதடு பட்டு 'சுருக்'கென்று இருந்திருக்கா? அது சாமி வந்த அருள் இல்லை. எங்கேயோ கசியும் கரண்ட்!

டிரெய்லர் ரப்பர் டயரில் நிற்கிறது. பூமியோடு தொடர்பே இல்லை. ஜெனரேட்டர் உடம்பு, டிரெய்லர் சட்டம், லைட் ஸ்டாண்ட், மைக் ஸ்டாண்ட் எல்லாம் தனித்தனி இரும்பு. ஒன்றில் கரண்ட் கசிந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற ஆள்தான் வயராக மாறுவார். அதனால் எல்லா இரும்பையும் தடித்த எர்த் வயரால் ஒன்றோடு ஒன்று இணைக்கணும். ஜெனரேட்டரின் நியூட்ரலும் அதன் சட்டமும் முறையாக இணைந்திருந்தால்தான் ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்யும். வண்டி நிலையாக நிற்கும் இடத்தில் எர்த் கம்பியும் அடிக்கணும். இது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. நீங்க செய்ய வேண்டியது, செஞ்சாச்சான்னு கேட்பது மட்டும்.

ஜெனரேட்டர் கரண்டை வீட்டு லைனிலோ கோயில் லைனிலோ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கொடுப்பது கொலைக்குச் சமம். அது மீட்டர் வழியே பின்னோக்கிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, 'கரண்ட் இல்லை' என்று நம்பி கம்பத்தில் ஏறிய லைன்மேன் அண்ணனைத் தாக்கும். தெருக் கம்பியில் கொக்கி போடுவதும் அப்படித்தான். 2003ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி அது மின் திருட்டு. ஜெயில் வரைக்கும் போகும்.

தலைக்கு மேல 11,000!

இதுவரை சொன்ன எல்லாமே டிரெய்லருக்குள். எல்லாத்தையும் சரியாகச் செய்து, தலைக்கு மேலே பார்க்க மறந்தால் அத்தனையும் வீண்.

2022 ஏப்ரல் 27, அதிகாலை. தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழாவுக்கு அலங்கரித்த தேர் தெருக்களில் வந்துகொண்டிருந்தது. திரும்பும் இடத்தில் தேரின் மேல் அலங்காரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் இறந்துபோனார்கள். அதில் சிறுவர்களும் இருந்தார்கள். வடம் பிடித்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், உங்களை என்னை மாதிரிச் சனங்கள். எந்த எம்.சி.பி.யும், எந்த ஆர்.சி.சி.பி.யும் அங்கே காப்பாற்றியிருக்க முடியாது. 11,000 வோல்ட்டுக்கு உங்க டிரெய்லரின் சுவிட்ச் போர்டு ஒரு பொருட்டே இல்லை.

விதிப்படி 11 கே.வி. லைன் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர், அதாவது 20 அடி இருக்கணும். டிரெய்லர் தளம் மூன்று, நாலு அடி. அதன்மேல் 12 அடிச் சட்டம். உச்சியில் மூணு அடி கலசம். 19 அடி! இடைவெளி ஒரே ஒரு அடி. ரோட்டின் மேல் புது ரோடு போட்டு உயர்த்தியிருந்தால் அதுவும் இல்லை. சித்திரை வெயிலில் கம்பி சூடேறி இன்னும் கொஞ்சம் தொய்ந்திருக்கும். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதும் இல்லை, நெருங்கினாலே தாவும். 'காய்ந்த மூங்கில்தானே' என்று கம்பியைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்துக்கு மூங்கிலும் வயர்தான்.

வழி ஒண்ணுதான். முதல் நாள் பகலில் முழு ஊர்வலப் பாதையையும் நடந்து பாருங்க. அலங்காரத்தோடு சேர்த்து உயரத்தை டேப் வைத்து அளங்க. மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஊர்வலம் வரும் நேரத்தில் லைனை நிறுத்தச் சொல்லுங்க. 'மின்னகம்' எண் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க.

அப்படியும் வண்டி கம்பியில் பட்டுவிட்டால், வண்டியில் இருப்பவர்கள் இறங்கக் கூடாது. லைன் அணைந்தது உறுதியாகும் வரை அங்கேயே இருக்கணும். தீ பிடித்து இறங்கியே ஆகணும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிச்சு, காலைத் தூக்காமல் தரையிலேயே தேய்த்து நகரணும். கீழே இருப்பவர்கள் ஓடிப்போய் இழுக்கக் கூடாது. மனசு கேட்காதுதான். ஆனால் ஒரு சாவை மூணாக்குவது அந்த ஒரு நிமிஷம்தான்.

தூக்கமும் புகையும்

ஊர்வலம் முடிஞ்சு அதிகாலையில் அசதியாக இருக்கும். வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டரில் பேன் போட்டுத் தூங்கலாமான்னு தோணும். 2024 டிசம்பரில் கேரளாவில், வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூக்கு எச்சரிக்காது. ஜெனரேட்டர் ஓடும் இடத்திலிருந்து விலகி, காற்றோட்டமான கோயில் மண்டபத்தில் துண்டை விரிச்சுப் படுங்க. சுகமாத் தூக்கம் வரும்!

ஹாஸ்டல் ரூமுக்கும் இதே கணக்கு

லீவு முடிஞ்சு திரும்பினால் அங்கேயும் ஒரு குட்டி டிரெய்லர் காத்திருக்கு. உங்க ரூம்! 6 ஆம்ப் சாக்கெட் தருவது சுமார் 1,380 வாட்ஸ். 2,000 வாட்ஸ் இண்டக்ஷன் ஸ்டவ் கேட்பது கிட்டத்தட்ட 9 ஆம்ப். நடுராத்திரி நூடுல்ஸுக்காக அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால், வார்டனுக்கு முன்னாடி சாக்கெட்டே உங்களைக் காட்டிக் கொடுத்துடும்.

பாக்கெட்டில் வச்சுக்க ஏழு!

1. லோடு லிஸ்ட்டை எழுதி டிரெய்லரில் ஒட்டுங்க. லிஸ்ட்டில் இல்லாததை மாட்டக் கூடாது.

2. சுவிட்ச் போர்டுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் அன்றைக்குக் குடிக்காதவராக இருக்கணும்.

3. சுவிட்ச் போர்டு, ஜாயின்ட் எதுவும் தண்ணீர் படும் இடத்தில் வேண்டாம். மழை வந்தால் முதலில் இன்ஜினை நிறுத்துங்க.

4. டீசல் ஊற்றும்போது இன்ஜின் ஓடக் கூடாது. டீசல் கேன் ஜெனரேட்டர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

5. ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பான். ஓடும் மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீங்க.

6. ஷாக் அடித்தவரைத் தொடும் முன் ஜெனரேட்டரை நிறுத்துங்க. மூச்சு இல்லையென்றால் 108க்குப் போன் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்க. காலேஜ் என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. கேம்ப்பில் கற்றுக்கொடுத்தால் கட் அடிக்காம கத்துக்குங்க.

7. உயரம், உயரம், உயரம். அளக்காமல் கிளம்பாதீங்க.

லிஸ்ட்டைப் பார்த்து, "பெரிய இன்ஜினியரு!"ன்னு சித்தப்பா கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். "ஏய், கெட்டிலைப் பிடுங்குடா"ன்னு சொல்கிற ஆளை அந்த ராத்திரியில் யாருக்கும் பிடிக்காது. பரவாயில்லை. மறுநாள் காலையில் மஞ்சத்தண்ணி ஊத்த, கிளம்பின அத்தனை பேரும் தெருவில் இருக்கணும். அதுக்கு மேல ஒரு திருவிழா வெளிச்சம் என்னங்க இருக்கு?